மைக் ரெஸ்ரிங் வீண் செலவு இல்லை



போன எபிசோட்டுக்குப் பிறகு ஒஸ்லோவில இருந்து ஒரு அக்கா குரல்பதிவு அனுப்பியிருந்தா. "தம்பி, பேர்கனுக்கு ரெயினில போகேக்க யாழ்ப்பாணத்தில இருக்கிற அம்மாவோட கதைச்சனான். போனில சிக்னல் கோடு முழுசா நிக்குது. சுரங்கமும் இல்லை. ஆனா அம்மா சொல்லுறதில மூண்டு சொல்லுக்கு ஒரு சொல் காணாமப் போகுது. அந்தக் கோடு பொய் சொல்லுதோ?"

கோடு பொய் சொல்லேல்லை அக்கா. ஆனா நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதிலும் சொல்லேல்லை. அந்தக் கோடு பெரும்பாலும் காட்டுறது, உங்கட போனுக்கு எவ்வளவு சக்தி வந்து சேருது எண்டதை. வந்து சேர்ந்தது விளங்கக்கூடிய நிலையில இருக்குதோ எண்டது வேற கதை. ரெயினில கதை அறுபடுறதுக்குப் பல காரணம் இருக்கு: ஒரு கோபுரத்தில இருந்து அடுத்ததுக்கு மாறுறது, ஒரே பெட்டியில நூறு பேர் ஒரே கோபுரத்தைப் பங்கு போடுறது, இப்பிடி. ஆனா அடியில எப்பவும் நிக்கிற பிரச்சினை ஒண்டு இருக்கு. இந்தக் கிழமை அதைப் பற்றித்தான் எழுதுறன். அதோட, இப்ப 6ஜி எண்டு கதைக்கிற இடங்களில வாற ஒரு யோசனையில எனக்கு இருக்கிற சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்லுறன்.

ஊரில கோயில் திருவிழாவை நினைச்சுப் பாருங்கோ. வீதி முழுக்க லவுட் ஸ்பீக்கர் கட்டியிருப்பினம். ஒண்டு உங்களுக்குப் பக்கத்தில, ஒண்டு தேர்முட்டியடியில, இன்னொண்டு சந்தியில. அறிவிப்பாளர் "காணாமல் போன பிள்ளை" எண்டு சொல்ல, பக்கத்து ஸ்பீக்கரில "பிள்ளை" வரேக்க சந்தி ஸ்பீக்கரில இருந்து "காணாமல்" வந்து சேரும். ரெண்டும் கலந்து ஒண்டும் விளங்காது. வொலியூமைக் கூட்டினா? எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து கூடும், குழப்பமும் கூடும். சத்தம் காணாமல் இல்லை. எதிரொலிதான் கூடிப்போச்சு.

மொபைல் றேடியோவிலும் இதேதான் நடக்குது. கோபுரத்தில இருந்து வாற அலை உங்கட போனுக்கு ஒரே வழியில வாறதில்லை. நேராக ஒண்டு, எதிர்ப்பக்கத்து மலையில பட்டு ஒண்டு, கட்டிடத்தில பட்டு இன்னொண்டு. றேடியோ அலை ஒரு மைக்ரோ செக்கனில ஏறத்தாழ 300 மீற்றர் போகும். பழைய 2ஜி, அதாவது ஜி.எஸ்.எம்.மில, ஒரு பிற்றின்ர நீளம் ஏறத்தாழ 3.7 மைக்ரோ செக்கன். அப்பிடியெண்டால் ஒரு எதிரொலி 1.1 கிலோமீற்றர் சுத்தி வந்தால் சரியா ஒரு பிற் பிந்தி வரும். முதல் பிற்றின்ர எதிரொலி ரெண்டாவது பிற்றுக்கு மேல ஏறி உக்காரும். பியோர்டுக்கு அங்கால நிக்கிற மலையில பட்டு 5 கிலோமீற்றர் கூடுதலா ஓடி வந்தால், நாலு பிற் தள்ளிக் குழப்பும். நோர்வேயில 5 கிலோமீற்றர் ஒரு பெரிய தூரமே இல்லை.

இதுக்கு மேல இன்னொரு தொல்லை. வந்து சேர்ற அலைகள் சில இடத்தில ஒண்டுக்கொண்டு கைகொடுக்கும், சில இடத்தில ஒண்டை ஒண்டு அழிக்கும். இதைத்தான் ஃபேடிங் எண்டு சொல்லுறது. 900 மெகா ஹேர்ட்ஸில அலையின்ர நீளம் 33 சென்ரிமீற்றர். அதில பாதி தூரம், ஒரு சாண் அளவு, நகர்ந்தாலே நல்ல இடம் கெட்ட இடமா மாறலாம். ரெயின் மணிக்கு 100 கிலோமீற்றரில போகுதெண்டால் அந்தத் தூரத்தை 6 மில்லி செக்கனில கடந்திடும். அக்காவின்ர அம்மாவின்ர குரல் யாழ்ப்பாணத்தில இருந்து கடலுக்கடியால கண்ணாடி நாரில ஒரு பிசகும் இல்லாமல் வந்திருக்கும். சிதறுறது கடைசி ஒண்டு ரெண்டு கிலோமீற்றரில.

இந்தச் சிதறலைத் திருப்பிச் சேர்க்கிற வேலையைச் செய்யிறதுதான் ஈக்குவலைசர். பாட்டுக் கேக்கிற செயலியில பேஸ் கூட்டிக் குறைக்கிறதுக்கும் அதே பெயர்தான். வழியில எது கெட்டுதோ அதைச் சமப்படுத்துறது எண்ட கருத்து பொதுவானது. ஆனா போனுக்குள்ள இருக்கிறதுக்கு ஒரு கடினமான நிபந்தனை: என்ன கெட்டது எண்டு அதுக்கு ஆரும் சொல்லித் தாறதில்லை. அதைத் தானே கண்டுபிடிக்க வேணும். கண்டுபிடிச்சு முடிக்கிறதுக்குள்ள சனலும் மாறிப்போகும்.

அப்ப எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? திரும்பவும் கோயில் வீதிக்குப் போவம். கூட்டம் தொடங்க முன்னம் ஒரு அண்ணன் வந்து "ஹலோ, ஹலோ, மைக் ரெஸ்ரிங், வண், ரூ, த்ரீ" எண்டு சொல்லுவார். அந்தச் சொல்லில ஒரு செய்தியும் இல்லை. ஆனா என்ன சொல்லப் போறார் எண்டு எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் அதுக்குப் பெறுமதி. சொன்னது என்னெண்டு தெரிஞ்சால், கேட்டதையும் சொன்னதையும் ஒப்பிட்டு, நடுவில என்ன நடந்ததெண்டு கண்டுபிடிக்கலாம்.

ஜி.எஸ்.எம். செய்தது அச்சொட்டா இதைத்தான். ஒவ்வொரு தடவை அனுப்புற துண்டிலயும் 148 பிற். அதில 26 பிற் மைக் ரெஸ்ரிங். அனுப்புறவருக்கும் வாங்குறவருக்கும் முன்கூட்டியே தெரிஞ்ச வரிசை. அதை வைச்ச இடத்தையும் பாருங்கோ: தொடக்கத்தில இல்லை, நட்ட நடுவில. ரெண்டு பக்கமும் 57, 57 எண்டு உண்மையான தரவு. நடுவில அளந்தால் எந்தத் தரவும் அளந்த நேரத்தில இருந்து தூரமாப் போகாது. முழுத் துண்டும் 0.58 மில்லி செக்கன்தான். மேல சொன்ன 6 மில்லி செக்கனோட ஒப்பிட்டால், சனல் அசைய முன்னமே வேலை முடிஞ்சிடும்.

அமெரிக்கா அதே காலத்தில வேற வழியில போனது. அவையின்ர முதல் டிஜிற்றல் முறையில ஒரு குறியீட்டின்ர நீளம் ஏறத்தாழ 41 மைக்ரோ செக்கன். அதால எதிரொலித் தொல்லை குறைவு. ஆனா ஒரு துண்டின்ர நீளம் 6.7 மில்லி செக்கன். காரில போற ஒருத்தருக்கு, துண்டு தொடங்கேக்க இருந்த சனலும் முடியேக்க இருக்கிற சனலும் வேற வேற. அப்ப ஈக்குவலைசர் தொடக்கத்தில படிச்சது காணாது, ஓடிக்கொண்டே படிக்க வேணும். ஒரு பக்கம் மிச்சம் பிடிச்சால் மற்றப் பக்கம் செலவாகும். இந்தத் துறையில இலவசம் எண்டு ஒண்டும் இல்லை.

இந்த வரலாற்றில நோர்வேக்கு ஒரு நல்ல இடம் இருக்கு. எங்கட பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேணும் எண்டு நினைக்கிறன். 1986 கடைசியில, ஐரோப்பாவுக்குப் பொதுவான மொபைல் முறை எது எண்டு முடிவெடுக்க, பாரிசில எட்டு மாதிரிகளைப் போட்டுச் சோதிச்சினம். அதில ஒண்டு த்ரொண்ட்ஹெய்மில இருந்த ஈலாப் ஆய்வுகூடத்தின்ர மாதிரி. தூர்லைவ் மாசெங் போன்றவையின்ர வேலை. குறுகின அலைவரிசை, அதோட நல்ல ஈக்குவலைசர் எண்ட சேர்க்கை. சோதனையில முன்னுக்கு நிண்டது அதுதான். பிரான்சும் ஜேர்மனியும் அகன்ற அலைவரிசை முறையைத்தான் விரும்பின. 1987இல கடைசியில குறுகின வழிக்கே எல்லாரும் ஒத்துக்கொண்டினம். ஈலாப்பின்ர மாதிரியை அப்பிடியே எடுக்கேல்லை, பல இடத்தில மாத்தினவை. ஆனா எதிரொலியை ஈக்குவலைசரால சமாளிக்கலாம் எண்ட நம்பிக்கை அங்க உறுதியானது. மலைகளுக்கு நடுவில இருக்கிறவைக்கு எதிரொலியை மறந்திட்டு ஒரு முறையை வடிவமைக்க ஏலாதுதானே.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால ஏற்கெனவே இருபது வருச வேலை இருந்தது. 1965இல பெல் ஆய்வுகூடத்தில றொபேட் லக்கி, தொலைபேசிக் கம்பிக்குத் தானாகவே சரிப்படுத்துற ஈக்குவலைசரைச் செய்து காட்டினார். 90களில டயல் அப் இன்ரநெற் பாவிச்ச ஆக்களுக்கு மொடம் போட்ட "கீ… கர்ர்" சத்தம் ஞாபகம் இருக்கும். அதில ஒரு பகுதி இந்த மைக் ரெஸ்ரிங்தான். கம்பி அசையாது, அதால ஒருக்காப் படிச்சால் காணும். றேடியோவில அப்பிடி இல்லை. எதிரொலி கலந்த சிக்னலில, எந்த பிற் வரிசை அனுப்பியிருந்தால் இப்பிடிக் கேட்டிருக்கும் எண்டு தேடுற முறையை டேவிட் ஃபோர்னி 1972இல எழுதினார். அதுக்கு அடிப்படை அன்ரூ விற்றெர்பியின்ர 1967 வழிமுறை. ஜி.எஸ்.எம். போன்களுக்குள்ள இருந்தது இந்த வழிதான். கேட்டதைப் பிற்பிற்றாத் திருத்துறதில்லை. பொதுவா 16 சாத்தியமான நிலைகளைக் கையில வைச்சுக்கொண்டு, கடைசியில எது நல்லாப் பொருந்துதோ அதை எடுக்கிறது.

ஏன் நேரடியாத் திருத்தக் கூடாது எண்டு கேப்பியள். திருத்தலாம். ஆனா ஃபேடிங்கால ஒரு அலைவரிசை முற்றாகவே அழிஞ்சுபோன இடத்தில, அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவாறன் எண்டு பெருக்கினால், அங்க கிடக்கிற இரைச்சலும் சேர்ந்து பெருகும். திருத்தின சிக்னல் திருத்தாததைவிட மோசமாப் போகலாம். அதால நல்ல ஈக்குவலைசர் எவ்வளவு இரைச்சல் இருக்கெண்டதையும் அளந்து, எந்த அளவுக்குத் திருத்தலாமோ அந்த அளவோட நிப்பாட்டும். எனக்கு இந்தத் துறையில பிடிச்ச பாடம் இதுதான். தனக்குத் தெரியாதது எவ்வளவு எண்டு தெரிஞ்சு வைச்சிருக்கிற கருவி.

4ஜி, 5ஜி வந்தாப் பிறகு வேலை லேசாப் போச்சு எண்டு சொல்லுவினம். ஒரு விதத்தில உண்மை. வேகமான ஒரு ஓட்டத்தை நூற்றுக்கணக்கான மெதுவான ஓட்டமாப் பிரிச்சு அனுப்புறது. எல்.ரி.ஈ.யில ஒரு குறியீடு 66.7 மைக்ரோ செக்கன். அதுக்கு முன்னால ஏறத்தாழ 4.7 மைக்ரோ செக்கன் காவல் நேரம். அதுக்குள்ள, அதாவது 1.4 கிலோமீற்றர் வரைக்கும் சுத்தி வாற எதிரொலி அடுத்த குறியீட்டைத் தொடாது. பிறகு ஒவ்வொரு மெது ஓட்டத்துக்கும் ஒரேயொரு எண்ணால வகுத்தால் காணும், ஈக்குவலைசர் முடிஞ்சுது. ஆனா அந்த எண் எங்கயிருந்து வருது? திரும்பவும் மைக் ரெஸ்ரிங். அதுக்கு இப்ப பைலற் எண்டு பெயர். ஒரு அன்ரெனா எண்டால் 168 கட்டத்தில 8, ரெண்டு எண்டால் 16, நாலு எண்டால் 24. நாலு அன்ரெனாவில 14 சதவீதம் பைலற்றுக்கே போகுது. காவல் நேரத்துக்கு இன்னும் ஏறத்தாழ 7 சதவீதம்.

ஏன் அவ்வளவு அன்ரெனா? இதில எங்கட ஆள் ஒருத்தர் வாறார். பொள்ளாச்சியில பிறந்து, இந்தியக் கடற்படையில சோனார் செய்து, பிறகு ஸ்ரான்ஃபோர்ட்டுக்குப் போன ஆரோக்கியசாமி பால்ராஜ். எல்லாரும் எதிரியாப் பார்த்த பலவழி அலைகளை, பல அன்ரெனா வைச்சால் பல பாதைகளாப் பாவிக்கலாம் எண்டு 1992இல தோமஸ் கைலத்தோட சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். மைமோ எண்டு இண்டைக்கு ஒவ்வொரு வைஃபை பெட்டியிலயும் இருக்கிறது அந்த வழிதான். 2014இல மார்க்கோனி பரிசும் கிடைச்சது. ஆனா எதிரொலி நண்பனாகிறது, அதை ஒழுங்கா அளந்தால் மட்டும்தான். அன்ரெனா கூடக் கூட, அளக்க வேண்டியதும் கூடும்.

இப்ப என்ர சந்தேகத்துக்கு வாறன்.

6ஜிக்கான ஆராய்ச்சியில ஏ.ஐ. ரிசீவர் பற்றி நிறையக் கதைக்கினம். பைலற்றைக் குறைச்சு, சில கட்டுரைகளில முற்றாகவே எடுத்துவிட்டு, நியூரல் நெற்வேர்க் தானாகவே சனலை ஊகிக்கட்டும் எண்ட யோசனை. "இந்தப் 14 சதவீதமும் வீணாத்தானே போகுது, அதைத் தரவுக்குக் குடுத்தால் வேகம் கூடும்தானே" எண்டது வாதம். நான் ஏ.ஐ.க்கு எதிரானவன் இல்லை. குறைஞ்ச பைலற்றோட சனலை நல்லா மதிப்பிடுறதில அந்த முறைகள் உண்மையாகவே கெட்டித்தனம் காட்டுது. ஆனா "வீண்" எண்ட அந்தச் சொல்லை நான் ஏற்கமாட்டன்.

முதலாவது, பைலற் இல்லாமல் வாழுற ஆசை புதுசில்லை. 1975இல சாற்றோ, 1980இல கொடார்ட் எண்டு, மைக் ரெஸ்ரிங் இல்லாமலே சரிப்படுத்துற குருட்டு ஈக்குவலைசர்களை எழுதிவிட்டினம். அசையாத கம்பியில அது நல்ல வேலை செய்தது. ஆனா நிலைக்கு வர ஆயிரக்கணக்கான குறியீடு தேவைப்பட்டது. ஜி.எஸ்.எம். துண்டில இருக்கிறது 114 தரவு பிற். படிச்சு முடிக்க முன்னம் ரெயின் அடுத்த வளைவுக்குப் போயிடும். ஏ.ஐ. இதைத் தாண்டுறது, முன்கூட்டியே நிறையச் சனல்களைப் பார்த்துப் படிச்சு வைச்சிருக்கிறதால. அங்கதான் என்ர ரெண்டாவது கவலை.

ஜி.எஸ்.எம். தரத்துக்குள்ளயே பரீட்சையையும் எழுதி வைச்சினம். நகரத்துக்கு ஒரு மாதிரிச் சனல், மலைநாட்டுக்கு ஒண்டு, மணிக்கு 250 கிலோமீற்றரில போறதுக்கு ஒண்டு. ஈக்குவலைசரை வதைக்கிறதுக்கெண்டே இன்னொண்டு: ஆறு எதிரொலி, எல்லாம் ஒரே சராசரிப் பலம், கடைசி 16 மைக்ரோ செக்கன் பிந்தி. அப்பிடி ஒரு இடம் உலகத்தில இருக்கோ எண்டு ஆரும் கேக்கேல்லை. அதில பாஸ் பண்ணினால் மற்ற இடத்தில தப்பும் எண்டதுதான் எண்ணம். பைலற்றை வைச்சு அங்கயே, அப்பவே அளக்கிற ரிசீவருக்கு அந்தப் பரீட்சை நியாயமானது. அது எந்தக் கேள்வித்தாளையும் பாடமாக்கேல்லை.

ஆனா படிச்சு வாற ரிசீவருக்கு அதே பரீட்சை காணாது. நாங்கள் ரியூசன் வகுப்பில வளர்ந்த ஆக்கள், எங்களுக்கு இது விளங்கும். கடந்தகால வினாத்தாள் பத்து வருசத்தைப் பாடமாக்கின பிள்ளை பரீட்சையில 90 எடுக்கும். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் முழிக்கும். தரத்தில எழுதியிருக்கிற சனல் மாதிரிகள் எல்லாருக்கும் தெரிஞ்ச வினாத்தாள். அதிலயே படிச்சு அதிலயே எழுதிப் போட்டு "பைலற் தேவையில்லை" எண்டு சொன்னால் நான் நம்பமாட்டன். பயிற்சியில ஒருக்காலும் காணாத ஒரு பள்ளத்தாக்கில, காணாத வேகத்தில எழுதட்டும். சராசரி வேகத்தைக் காட்ட வேண்டாம். மிக மோசமான நூறில ஒரு பங்கு நேரத்தில என்ன நடந்ததெண்டு காட்டட்டும்.

மூண்டாவதுதான் எனக்கு முக்கியம். பைலற் சனலை மட்டும் அளக்கிறதில்லை. அளவு எவ்வளவு நம்பக்கூடியது எண்டதையும் சேர்த்துச் சொல்லுது. தெரிஞ்ச சொல்லே சரியாக் கேக்கேல்லை எண்டால், தெரியாத சொல்லை நம்பக் கூடாது எண்டு ரிசீவருக்குத் தெரியும். அப்ப வேகத்தைக் குறைக்கலாம், திருப்பி அனுப்பச் சொல்லலாம், வேற கோபுரத்துக்கு மாறலாம். மைக் ரெஸ்ரிங்கே இல்லாத கூட்டத்தில, பிழையாக் கேட்டதும் சரியாக் கேட்டது மாதிரித்தான் இருக்கும்.

இதால நட்டப்படுறது ஆர்? நகர நடுவில, கோபுரத்துக்குக் கீழ இருக்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவருக்கு அந்தக் கூடுதல் சதவீதம் லாபம். நட்டம் ஓரத்தில இருக்கிறவைக்கு. பியோர்டுக்குள்ள மீன்பிடிப் படகில நிக்கிறவருக்கு, மலைப்பாதையில காரில போறவருக்கு, 113க்கு அடிச்சு அம்புலன்ஸ் கூப்பிடுறவருக்கு. எங்கட சனத்தில கனபேர் இந்த நாட்டில வாழ்க்கையைத் தொடங்கினது பின்மார்க்கில மீன் தொழிற்சாலையில. வலைப்பின்னலின்ர ஓரம் எண்டது எங்களுக்குக் கேள்விப்பட்ட இடம் இல்லை, இருந்த இடம்.

அதால என்ர நிலைப்பாடு இது. பைலற்றைக் குறையுங்கோ, சனல் நிதானமா இருக்கிற இடத்தில நல்லாவே குறையுங்கோ. 5ஜியில ஏற்கெனவே வேகமாப் போற ஆளுக்குக் கூடப் பைலற், நிக்கிற ஆளுக்குக் குறைவு எண்டு மாத்த வழி இருக்கு. அது நல்ல வழி. 3.5 கிகா ஹேர்ட்ஸில சனல் 900 மெகா ஹேர்ட்ஸைவிட ஏறத்தாழ நாலு மடங்கு வேகமா மாறும், அங்க இந்தச் சரிப்படுத்தல் இன்னும் முக்கியம். ஏ.ஐ. அந்தப் பைலற்றுகளுக்கு இடைவெளியில என்ன நடந்திருக்கும் எண்டு ஊகிக்கட்டும், அதில அது கெட்டிக்காரன். ஆனா தெரிஞ்ச ஒண்டை முதலில சொல்லி, அது எப்பிடிக் கேக்குதெண்டு பாத்திட்டுப் பிறகு கதைக்கிற பழக்கத்தை விட்டிடக் கூடாது. ஊகம் பிழைச்சால் திரும்பிப் போக ஒரு இடம் வேணும்.

அக்கா, உங்களுக்கு ஒரு சின்ன உதவியும் சொல்லுறன். அடுத்த முறை ரெயின் நிக்கேக்க கதை அறுபட்டால், போனை ஒரு சாண் தள்ளிப் பிடிச்சுப் பாருங்கோ. சில நேரம் அது காணும். ரெயின் ஓடேக்க அது தேவையில்லை, ரெயினே உங்களைத் தள்ளிக்கொண்டுதான் போகுது. அப்ப அறுந்தால், அம்மாவிட்டத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கோ. "ஹலோ, ஹலோ, கேக்குதோ?" எண்டு அம்மா முதலில கேப்பா. பொறுமையாப் பதில் சொல்லுங்கோ, அம்மா சனலை அளக்கிறா.

அடுத்த கிழமை எபிசோட்டில சந்திப்பம். உங்கட ஊரில எந்த வளைவில கதை அறுபடுதெண்டு குரல்பதிவு அனுப்பிவிடுங்கோ, சேர்த்துக் கதைப்பம்.